மெயின் பிராஞ்சில் சேர்க்கும் முன் எதைப் பேச வேண்டும்: பராமரிப்புக் குழுவின் நிலைப்பாட்டு அறிக்கை

கடந்த சில வாரங்களில் நம் திட்டத்தில் நடந்தவை உறுப்பினர்கள் அனைவருக்கும் தெரியும். அந்த மூன்று வரி மாற்றம், அது நீக்கப்பட்ட விதம், யாரையும் கேட்காமல் அது மறுபடி சேர்க்கப்பட்டது, இரண்டாம் முறை நீக்கப்பட்டது, இடையில் வீசப்பட்ட சொற்கள், இரண்டு விலகல் கடிதங்கள். இவற்றை இங்கே நாள்வாரியாகத் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஆனால் நம் விசைப்பலகையையும் சொல்திருத்தியையும் தங்கள் தொகுப்புகளில் சேர்த்து விநியோகிப்பவர்கள், இனி உங்கள் மெயின் பிராஞ்சை நம்பி எடுக்கலாமா என்று எழுதிக் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒன்பது பேர் கொண்ட பராமரிப்புக் குழு மூன்று முறை கூடிப் பேசி, ஏழு பேர் ஆதரவுடன் இந்த அறிக்கையை ஏற்றது. ஒருவர் வாக்களிக்கவில்லை. ஒருவர் மாறுபடுகிறார்; அவர் சொல்லும் காரணத்தில் நியாயம் இருப்பதால் அதையும் கீழே சேர்த்திருக்கிறோம்.

எங்கள் நிலைப்பாடு இது. பயனரின் விரலில், கோப்பில், அச்சிட்ட தாளில் தங்கிவிடக்கூடிய எந்த மாற்றமும், அது ஒரே ஒரு வரியாக இருந்தாலும், மெயின் பிராஞ்சில் சேர்வதற்கு முன்பே பொதுவில் பேசப்பட வேண்டும். மற்றவை இயன்றவரை தடையின்றிச் செல்ல வேண்டும். எத்தனை வரி மாறியது என்ற கணக்கை வைத்து "இது சின்ன மாற்றம்" என்று முடிவு செய்யும் வழக்கத்தை இன்றோடு கைவிடுகிறோம்.

ஒரு சொல்லை முதலில் தெளிவாக்கிவிடுவது நல்லது. சிவிஎஸ், சப்வெர்ஷன் காலத்தில் கமிட் செய்வது என்றால் எல்லோருக்கும் பொதுவான களஞ்சியத்திலேயே நேராக எழுதிவிடுவது. 2005-இல் கிட் வந்த பிறகு கமிட் என்பது அவரவர் கணினியில் நடக்கும் காரியமாகிவிட்டது. புஷ் செய்யும்போதோ மெர்ஜ் ஆகும்போதோதான் அது மற்றவர்களைத் தொடுகிறது. நம்மில் மூத்தவர்கள் இன்றும் பழைய பொருளிலேயே கமிட் என்கிறார்கள். இந்த அறிக்கையிலும் அந்தப் பொருள்தான். உங்கள் சொந்த பிராஞ்சில் நீங்கள் எதை எழுதினாலும் எதை அழித்தாலும் அது உங்கள் உரிமை. அதில் குழுவுக்குச் சொல்ல எதுவுமில்லை.

இனி அந்த மூன்று வரிக்கு வருவோம். தமிழ்99 விசைப்பலகையில் பழகியவர்களுக்கு அதன் அருமை தெரியும். அது 1999-இல் வரையறுக்கப்பட்டுத் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு. அதில் மெய்யெழுத்துக்கு ஒவ்வொரு முறையும் புள்ளியைத் தனியாக இட வேண்டியதில்லை. ஒரே எழுத்தை இருமுறை அடித்தால் முதல் எழுத்தின் மேல் புள்ளி தானே விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தாலும் அப்படியே. ப, ந, த, உ என்று நான்கு விசைகள் தட்டினால் "பந்து" வந்துவிடும். புள்ளி வேண்டாத இடத்தில் நடுவே அகர விசையைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். இந்த ஒரு வசதிக்காகவே தமிழ்99-ஐ விட்டு வேறு விசைப்பலகைக்குப் போக மனமில்லாதவர்கள் ஏராளம்.

சேர்க்கப்பட்ட மாற்றம் என்ன செய்தது? பேக்ஸ்பேஸ் தட்டியவுடன், அதற்கு முந்தைய எழுத்து எது என்ற நினைவை அழித்துவிட்டது. ஒருவர் ந அடித்து, கை தவறி ட அடித்து, பேக்ஸ்பேஸால் அதை நீக்கி, பிறகு த அடித்தால் இத்தனை காலமும் "ந்த" வந்துகொண்டிருந்தது. மாற்றத்துக்குப் பின் "நத" வந்தது. இதற்குக் காரணமே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வேண்டாத இடத்தில் புள்ளி விழுகிறது, அழித்துவிட்டு அடித்தாலும் மறுபடி விழுகிறது என்று புதிதாகப் பழகுகிறவர்கள் சிலர் முறையிட்டிருந்தார்கள். அது உண்மையான குறை. மாற்றத்தை எழுதியவர் அந்தக் குறையைத் தீர்க்கவே எழுதினார். எல்லா டெஸ்ட்டும் பச்சை காட்டின. பேக்ஸ்பேஸுக்குப் பிறகு இன எழுத்து வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடம் ஒரு டெஸ்ட்கூட இல்லை என்பதே அதற்குக் காரணம். அந்தப் பழி எழுதியவரை மட்டும் சேராது, எல்லோரையும் சேரும். அந்த மாற்றம் அடிப்படையில் சரியா தவறா என்பதில் குழுவுக்குள் இன்றும் இரு கருத்து உண்டு. இந்த அறிக்கை அதைத் தீர்க்க முயலவில்லை.

ஆனால் அதன் விளைவு எங்கே போய் விழுந்தது என்பதில் இரு கருத்துக்கு இடமே இல்லை.

குழுவில் ஒருவருக்கு மதுரையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஒரு டிடிபி மையத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தட்டச்சு செய்கிற அம்மையார். "தம்பி, நான் ஸ்கிரீனப் பாத்து அடிக்கிறவ இல்ல. எழுதின தாளு எடது பக்கம் இருக்கும், கண்ணு அதுலதான் இருக்கும். தப்பு விழுந்தா வெரலுக்கே தெரிஞ்சிரும், அழிச்சிட்டு மேல போயிட்டே இருப்பேன்." இப்படித்தான் அவர் பேச ஆரம்பித்தார். ஓர் ஆராய்ச்சி மாணவரின் ஆய்வேட்டை ஆறு நாளில் அடித்து முடித்திருக்கிறார். நூற்றெண்பது பக்கங்களுக்கு மேல். அவர் விரல் திருத்திக்கொண்ட இடங்களில் எல்லாம் புள்ளி விழாமல் போயிருக்கிறது. "எனறு", "வநதது", "இஙகு". ஒரே ஒரு புள்ளி. வேகமாகப் படிக்கிற கண்ணுக்கு "எனறு" என்பது "என்று" ஆகவே தெரியும். பக்கங்களை வடிவமைக்கும் அவருடைய மென்பொருளில் நம் சொல்திருத்தி வேலை செய்யாது. அச்செடுத்து, பைண்டிங் போட்டு, பல்கலைக்கழகத்தில் கொடுப்பதற்கு முந்தின நாள், மாணவரின் நெறியாளர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தபோதுதான் தெரிந்திருக்கிறது. மறுபடி பிழை பார்த்து, மறுபடி அச்செடுத்து, அந்தச் செலவை அம்மையாரே ஏற்றிருக்கிறார். தப்பு தன்னுடையது என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார். இருபது வருஷம் இல்லாத கைத்தப்பு இப்போது எப்படி வந்தது, வயதாகிவிட்டதா என்று இரண்டு நாள் மனசு சரியில்லாமல் இருந்திருக்கிறார். பக்கத்து மேசையில் அடிக்கிற பெண்ணுக்கும் அதே மாதிரி வந்த பிறகே சந்தேகம் விசைப்பலகையின் மேல் திரும்பியது.

பேசி முடிக்கும்போது அவர் கேட்டது ஒரே கேள்வி: "மாத்தறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

மறுஅச்சுக்கான செலவைத் திட்டத்தின் நன்கொடை நிதியிலிருந்து தருவதாகச் சொன்னோம். அவர் வாங்க மறுத்துவிட்டார். இந்த அழைப்பைப் பற்றிக் குழுவுக்குள் பேசியபோது, "அதுதான் ரிவர்ட் செய்தாகிவிட்டதே, பிரச்சினை முடிந்தது" என்று ஒரு வாதம் வைக்கப்பட்டது. இந்த அறிக்கையை எழுத எங்களைத் தள்ளியது அந்த ஒரு வாக்கியம்தான். பிரச்சினை முடியவில்லை. மாற்றம் வெளியீட்டில் சேர்ந்ததிலிருந்து, திருத்திய வெளியீடு பயனர்களின் கணினிக்குப் போய்ச் சேர்வதற்குள் பதினாறு நாள் கடந்தன. அந்தப் பதினாறு நாளில் நம் விசைப்பலகையில் அடிக்கப்பட்ட கடிதங்கள், மனுக்கள், வினாத்தாள்கள், கல்யாணப் பத்திரிகைகள் எத்தனை என்று நமக்குத் தெரியாது. அவற்றில் விழாமல் போன புள்ளிகளை எந்த ரிவர்ட்டும் திருப்பி வைக்காது. கிட் நம் நிரலை முந்தைய நிலைக்குக் கொண்டுபோகும். அந்த நிரலை வைத்து மற்றவர்கள் செய்த வேலையை அது தொடாது.

இதை முதலில் கற்றவர்கள் நாம் இல்லை. 2006-இல் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பில் நடந்ததைக் கட்டற்ற மென்பொருள் உலகில் இருப்பவர்கள் மறந்திருக்க முடியாது. நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் கருவி காட்டிய எச்சரிக்கைகளை நிறுத்துவதற்காக இரண்டு வரிகளை நீக்கலாமா என்ற யோசனை எழுந்து, அவை நீக்கப்பட்டன. நீக்கப்பட்டவற்றில் ஒரு வரி, ரகசியச் சாவிகளை உருவாக்கத் தேவையான தற்செயல்தன்மையைக் கலந்துவிடும் வரி. அது போனபின், சாவி உருவாகும்போது மாறுபடக்கூடியதாக மிஞ்சியது கிட்டத்தட்ட புராசஸ் எண் மட்டுமே. அதிகபட்சம் 32,768 சாத்தியங்கள். பூட்டைத் திறக்க நினைப்பவர் அத்தனை சாவிகளையும் முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளலாம். இது 2008 மே மாதம்தான் வெளியில் வந்தது. திருத்தம் உடனே வந்துவிட்டது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் டெபியனிலும் அதிலிருந்து பிறந்த உபுண்டு முதலியவற்றிலும் உருவாக்கப்பட்ட சாவிகள் அப்படியே பலவீனமாக இருந்தன. வேறு சர்வர்களில் கொண்டுபோய் வைத்த இடத்திலும் பலவீனமாகவே இருந்தன. ஒவ்வொன்றையும் தேடி எறிந்து புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது.

அந்த விவகாரத்தில் எங்களை அதிகம் யோசிக்க வைப்பது வேறொன்று. அங்கே பேச்சு நடந்தது. அந்த வரிகளை நீக்கலாமா என்று ஓப்பன்எஸ்எஸ்எல் தரப்பில் கேட்கப்பட்டது. பிழை தேட உதவுமென்றால் நீக்கலாம் என்ற அளவில் பதிலும் வந்தது. இது பிழை தேடும்போது மட்டும் அல்ல, எல்லாப் பயனர்களின் கணினிக்கும் போகப்போகிற மாற்றம் என்பது கேட்டவருக்கும் பதில் சொன்னவர்களுக்கும் இடையே தெளிவாகவில்லை. ஆகவே "பேசிவிட்டேன்" என்பது மட்டும் போதாது. எதைப் பேசினோம் என்பது முக்கியம். இனி நம் திட்டத்தில் இப்படிப்பட்ட மாற்றத்தை விவாதத்துக்கு வைப்பவர், நிரலின் வேறுபாட்டை முழுதாக வைக்க வேண்டும். இது யார் கையில் போய்ச் சேரும், அவர்கள் கையில் இன்று இருக்கும் எது நாளை மாறும், வேண்டாம் என்று ஆனால் அவர்கள் செய்த வேலையையும் சேர்த்துத் திருப்ப முடியுமா என்ற மூன்றையும் சாதாரணத் தமிழில் எழுத வேண்டும். நிரல் தெரியாதவர் படித்தாலும் புரிய வேண்டும், ஏனென்றால் நாம் கேட்க வேண்டியவர்களில் பெரும்பாலோருக்கு நிரல் தெரியாது.

இந்த இடத்தில் குழுவின் பெரும்பான்மைக்கு இருக்கிற கோபத்தை மறைக்க விரும்பவில்லை. விவாதத்தின்போது ஒருவர், பழைய பழக்கத்தில் இருக்கிறவர்கள் மாறித்தான் ஆக வேண்டும் என்று எழுதினார். நம் விசைப்பலகையை இத்தனை ஆண்டு தாங்கியவர்கள் அந்தப் பழைய பழக்கத்தில் இருக்கிறவர்கள்தான். நம்மிடம் பணம் கேட்காமல், பிழைகளைச் சொல்லி, பக்கத்து மேசைக்காரருக்கும் சொல்லிக்கொடுத்து இதை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் அவர்கள். கண் பார்வை இல்லாத ஆசிரியர்கள் சிலர், திரைவாசிப்பான் சொல்வதைக் காதால் கேட்டுக்கொண்டே நம் விசைப்பலகையில் அடிக்கிறார்கள். ஒரு எழுத்து வழக்கம்போல் விழாவிட்டால் அவர்கள் எவ்வளவு தூரம் பின்னால் போய்த் தேட வேண்டும் என்று ஒரு நாளாவது நாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறோமா? நிரல் எழுதத் தெரிந்தவர்கள் என்பதற்காக மற்றவர்களின் விரலை மாற்றும் உரிமை நமக்கு வந்துவிடவில்லை. அந்த வாக்கியத்தைக் குழு ஏற்கவில்லை. அதை எழுதியவர் திரும்பப் பெறுவார் என்று எதிர்பார்க்கிறோம்.

விசைப்பலகையோடு இது முடியவில்லை. சொல்திருத்தியில் காத்திருக்கும் ஒரு மாற்றம் இதைவிடக் கனமானது. 2005-இல் யூனிகோட் 4.1 பதிப்பில் ஶ என்ற எழுத்து தமிழ்ப் பகுதியில் சேர்ந்தது. அதற்கு முன் ஸ், ர, ஈகாரக் குறி என்ற வரிசையில் "ஸ்ரீ" எழுதப்பட்டது; பிறகு ஶ-வில் தொடங்கும் வரிசையும் புழக்கத்துக்கு வந்தது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவத்தில் தெரியும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. பட்டியலில் ஸ்ரீரங்கம் ஒரு விதமாக இருந்து, தேடுகிறவர் மற்ற விதமாக அடித்தால், இருக்கிற பெயரை இல்லை என்று கணினி சொல்லும். இரண்டையும் ஒன்றாக்கிவிடும் மாற்றம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. பத்து வரிகூட இல்லை. ஆனால் அது பயனர் திறந்து சேமிக்கும் கோப்பையே திருத்தி எழுதும். எந்த வடிவம் அவர் வைத்திருந்தது என்ற தடயமே இருக்காது. இதை யாராவது ஒருவர் சனிக்கிழமை காலையில் தன்னந்தனியாக மெர்ஜ் செய்துவிடக்கூடிய நிலையில்தான் இன்று நம் அனுமதிகள் இருக்கின்றன.

யூனிகோடில் ஒருமுறை சேர்ந்த எழுத்தை நீக்கவோ வேறு இடத்துக்கு மாற்றவோ முடியாது என்பது அவர்களுடைய நிலைத்தன்மைக் கொள்கை. பின்னால் திருத்த வழியில்லை என்பதால் அங்கே பேச்சு முன்னால் நடந்தாக வேண்டியிருக்கிறது. 2010-இல் கிரந்த எழுத்துகள் பற்றிய முன்மொழிவு தமிழ்நாட்டில் எவ்வளவு எதிர்ப்பைக் கிளப்பியது என்பது நினைவிருக்கும். யார் பக்கம் நியாயம் என்று இங்கே பேச வரவில்லை. அந்த எதிர்ப்பு எழுத்துகள் சேரும் முன்பே எழ முடிந்தது, கேட்கவும் பட்டது. நம் பயனர்களுக்கும் அந்த வாய்ப்பு வேண்டும்.

அடுத்தது, மௌனம் சம்மதமா என்ற கேள்வி. அந்த மூன்று வரி பேக்ஸ்பேஸ் மாற்றம் வெள்ளிக்கிழமை இரவு 11.40 மணிக்கு விவாதத்துக்கு வைக்கப்பட்டது. சனிக்கிழமை காலை 8.50-க்கு, ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்ற குறிப்போடு மெர்ஜ் ஆனது. ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டில் சேர்ந்தது. ஒன்பது மணி நேரம். அதில் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் இருந்த பங்களிப்பாளர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டொரன்டோவில் இருப்பவர் அலுவலகத்தில் இருந்தார். இதை "பேசிவிட்டுச் செய்தேன்" என்று சொல்வதை எங்களால் ஏற்க முடியாது. தூங்குகிறவரின் மௌனத்தைச் சம்மதமாக எண்ணுவது நியாயமில்லை.

அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்களில் ஆட்சேபம் வராவிட்டால் ஒப்புதல் என்ற முறை உண்டு. நம் விவாதத்திலும் அது பலமுறை எடுத்துக்காட்டப்பட்டது. அங்கே அப்படிக் காத்திருக்க வழக்கமாகச் சொல்லப்படும் காலம் 72 மணி நேரம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு பார்ப்பது, முதலில் பார்த்துவிட்டுப் பிறகு சேர்ப்பது என்று இரண்டு முறைகளும் அங்கே உண்டு. நிரல் மாற்றத்தை ஒருவர் தடுக்க வேண்டுமென்றால் தொழில்நுட்பக் காரணம் சொல்லியாக வேண்டும்; வெறும் "வேண்டாம்" செல்லாது. இந்த மூன்றையும் நாம் எடுத்துக்கொள்ளலாம் என்பது குழுவின் கருத்து. ஒன்றை மட்டும் பிய்த்து எடுத்துக்கொள்வது கூடாது.

எத்தனை நாள் என்பதில் ஒருமித்த முடிவு எட்டவில்லை. மூன்று நாள் போதும் என்றவர்களும் பதினான்கு நாள் வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். பயனரைத் தொடும் மாற்றங்களுக்குப் பொதுவாக ஏழு நாள் என்றும், தேவையைப் பொறுத்துக் கூட்டவோ குறைக்கவோ குழுவுக்கு இடமுண்டு என்றும் இப்போதைக்கு வைத்திருக்கிறோம். ஆறு மாதம் கழித்து இதை மறுபரிசீலனை செய்யலாம். வெளியீட்டுக்கு முந்தைய மூன்று நாளில் இப்படிப்பட்ட மாற்றம் எதுவும் சேரக்கூடாது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

ஒருவர் பார்த்தால் போதுமா என்பதிலும் தயக்கம் இருந்தது. ஹார்ட்பிளீட் என்று பெயர் பெற்ற ஓட்டை 2011 டிசம்பர் 31 இரவு ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் சேர்ந்தது. ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் சேர்ந்தது. 2014 ஏப்ரல் வரை வெளியில் தெரியவில்லை. ஆகவே இருவர் பார்ப்பது விரும்பத்தக்கது. ஆள் பற்றாக்குறையை மனதில் கொண்டு இதைக் கட்டாயமாக்கவில்லை. பெரிய புதுப் பகுதிகளைப் பொறுத்தவரை, முழு நிரலையும் எழுதி முடித்துக்கொண்டு வந்து நிற்காமல், எழுதத் தொடங்கும் முன்பே ஒரு பக்கக் குறிப்பை வையுங்கள். 2020 நவம்பரில் ஃப்ரீபிஎஸ்டி கெர்னலில் சேர்ந்த வயர்கார்டு நிரல், அதன் தரம் பற்றிய கேள்விகளுக்குப் பின், 13.0 பதிப்பு வெளிவரும் முன்பே முழுதாக நீக்கப்பட்டது. எழுதியவரின் உழைப்பும் வீண், பார்த்தவர்களின் நேரமும் வீண்.

பேச வேண்டியதில்லாதவை எவை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். உதவிப் பக்கத்தில் எழுத்துப்பிழை, நிரலில் உள்ள விளக்கக் குறிப்புகள், புதிய டெஸ்ட்கள், மொழிபெயர்ப்புத் திருத்தங்கள், வெளியில் தெரியாத உள்சீரமைப்பு: இவற்றை கமிட் உரிமை உள்ளவர் நேரடியாகச் சேர்க்கலாம். உள்சீரமைப்புதானா என்று ஐயம் வந்தால் கேட்டுவிடுங்கள். பாதுகாப்பு ஓட்டைகளுக்கான திருத்தங்களைப் பொதுவில் வைத்துப் பேச முடியாது; குறைந்தது இரண்டு பராமரிப்பாளர்கள் தனியாகப் பார்த்துச் சேர்த்துவிட்டு, வெளியீட்டுக்குப் பின் முழு விளக்கம் எழுத வேண்டும்.

இங்கேதான் மாறுபடும் உறுப்பினரின் கருத்து வருகிறது. பேச்சு, காத்திருப்பு என்று விதிகளை ஏற்றினால் புதியவர்கள் ஓடிவிடுவார்கள் என்கிறார் அவர். அதற்கு அவர் காட்டும் சான்று நம்மைத் தலைகுனிய வைக்கிறது. கல்லூரி மாணவி ஒருவர் உதவிப் பக்கத்தில் ஒரு சொல்லைத் திருத்தி அனுப்பிய புல் ரிக்வெஸ்ட் பதினொரு வாரம் யாரும் திறந்துகூடப் பார்க்காமல் கிடந்தது. அவர் பிறகு எதுவும் அனுப்பவில்லை. அதே காலத்தில், கமிட் உரிமை உள்ளவரின் மூன்று வரி ஒன்பது மணி நேரத்தில் உள்ளே போனது. பேச வேண்டியது பேசப்படவில்லை. பேசவே தேவையில்லாதது கிடப்பில் கிடந்தது. அந்த மாணவிக்குக் குழு மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறது. இனி பேச்சு தேவையில்லாத வகை மாற்றங்களுக்கு நான்கு நாளுக்குள் யாராவது பதில் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அந்த உறுப்பினருக்கு இது போதாது என்பது தெரியும்.

எதிர்த் திசையில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. "ஏன் இன்னும் மெர்ஜ் ஆகவில்லை", "உங்களால் முடியாவிட்டால் உரிமையை வேறு யாருக்காவது கொடுங்கள்" என்று பராமரிப்பாளர்களை நெருக்கும் கடிதங்கள் சமீபத்தில் கூடியிருக்கின்றன. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரத்தில், ஏறக்குறைய தனியாளாகச் சுமந்து சோர்ந்திருந்த ஒரு பராமரிப்பாளர் இப்படித்தான் நெருக்கப்பட்டார்; நம்பிக்கையைச் சம்பாதித்து உள்ளே வந்தவர் வைத்த பின்கதவு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் வெளியே போனது. எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து விடாமல் துருவிய ஒரு பொறியாளரால்தான் அது பிடிபட்டது. நம் திட்டத்தில் அப்படி யாரும் இருக்கிறார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அவசரப்படுத்துவதை ஒரு காரணமாகக் குழு இனி ஏற்காது என்று மட்டும் சொல்கிறோம்.

ரிவர்ட் பற்றி. பயனர்களுக்குத் தீங்கு நடந்துகொண்டிருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், கமிட் உரிமை உள்ள எவரும் யாரையும் கேட்காமல் ரிவர்ட் செய்யலாம். ஏன் என்று கமிட் செய்தியில் எழுத வேண்டும். முதல் ரிவர்ட்டைச் செய்தவர் காரணம் எழுதாமல் விட்டதும், எழுதிய ஒரு வரியில் இருந்த தொனியும் தவிர்த்திருக்கக்கூடியவை. அதை அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் ரிவர்ட் ஆன மாற்றத்தை விவாதம் முடியும் முன் மறுபடி சேர்த்ததை எந்த வகையிலும் சமாதானம் சொல்லி ஏற்க முடியாது. அதற்குள் மதுரையிலிருந்து வந்த அழைப்பைப் பற்றி எல்லோருக்கும் தெரிவித்திருந்தோம். தெரிந்த பிறகும் சேர்க்கப்பட்டது. இனி இப்படி நடந்தால், விவாதம் முடியும் வரை அவருடைய மெர்ஜ் அனுமதி நிறுத்தி வைக்கப்படும். யாராக இருந்தாலும், எத்தனை ஆண்டு பங்களித்தவராக இருந்தாலும்.

இந்த முறை யாருடைய உரிமையும் பறிக்கப்படவில்லை. மாற்றத்தை எழுதியவர் ஏழு ஆண்டுகளாக இந்தத் திட்டத்துக்குக் கொடுத்த உழைப்பை நாங்கள் அறிவோம். வெளியீட்டு நாளில் விடிய விடிய விழித்திருந்து அவர் சரிசெய்த பிழைகளால் இன்றும் பலர் நிம்மதியாக அடிக்கிறார்கள். நடைமுறை எழுதப்படாமல் இருந்ததும் உண்மைதான். எழுதப்படாத விதியை மீறினார் என்று ஒருவரைத் தண்டிப்பது சரியல்ல என்பதே பெரும்பான்மையின் கருத்து. அது போதாது என்று இருவர் கருதுகிறார்கள்.

விலகல் கடிதம் கொடுத்த இருவரிடமும் கடிதத்தைத் திரும்பப் பெறும்படி கேட்டிருக்கிறோம். ஒருவர் யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பேக்ஸ்பேஸ் மாற்றம் இப்போது முறைப்படி விவாதத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அமைப்புகளில் ஒரு தேர்வாக அதைத் தரலாம், வழக்கமான நடத்தை பழையபடியே இருக்கட்டும் என்ற யோசனையை அதை எழுதியவரே முன்வைத்திருக்கிறார். விடுபட்ட டெஸ்ட்களை எழுதும் வேலையையும் அவரே ஏற்றிருக்கிறார். டிடிபி மையங்களில் வேலை செய்யும் நான்கு தட்டச்சர்களும் பார்வையற்ற ஆசிரியர் ஒருவரும் சோதனைப் பதிப்பைப் பயன்படுத்திப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மதுரை அம்மையார் அவர்களில் ஒருவர். ஒரு வாரம் அடித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் சொல்லும் வரை அந்த மாற்றம் மெயின் பிராஞ்சில் சேராது.